கழுத்தில் அடிபட்டவருக்குப் படுக்கையருகே அல்ட்ராசவுண்ட்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கழுத்துக் காயத்துக்கு ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த பாடங்கள் எல்லாம் வேறொரு நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தலையை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், தோளுக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள், தாடையை உயர்த்தச் சொல்லுங்கள் என்றுதான் அவை ஆரம்பிக்கும். விபத்தில் வந்தவரிடம் இதில் எதையுமே செய்ய முடியாது. கழுத்து அசையாமலிருக்க அவர் காலர் போட்டிருப்பார். தலையை ஒருவர் அசையாமல் பிடித்திருப்பார். கழுத்தில் ரத்தம் இருக்கும், சுற்றி நான்கு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அந்த நெருக்கடியில் எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் பார்ப்பது என்று சேர்த்துப் பிடிக்க ரொம்பவே திண்டாடினேன். அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் டாக்டர்கள் அந்தத் திண்டாட்டம் இல்லாமல் தொடங்கட்டும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அல்ட்ராசவுண்டுக்கு 'காயம் இருக்கிறது' என்று சொல்லும் அதிகாரம் உண்டு. 'இல்லை' என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் வேலையை வேகப்படுத்துங்கள். ஒன்றும் தெரியாவிட்டால், ஸ்கேனே செய்யாதது போல எண்ணி அடுத்த வேலையைத் தொடருங்கள். கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. யாருக்கு ஸ்கேன் வேண்டாம்

முதல் முடிவு இதுதான். துடித்துத் துடித்து வெளியேறும் ரத்தம், கண்ணெதிரே பெருகும் வீக்கம், கை வைத்தால் அதிர்வு, காயத்தின் வழியே காற்றுக் குமிழி, வாய் வழியாக நிறைய ரத்தம், மூச்சுத் திணறல், திரவமும் ரத்தமும் ஏற்றியும் தேறாத ரத்த அழுத்தம், ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் புரோபைத் (தோலில் வைத்துப் படம் எடுக்கும் கைப்பிடிக் கருவி) தொடாதீர்கள். மூச்சுவழியைப் பாதுகாப்பது, ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, அறுவை சிகிச்சைக் குழுவை அழைப்பது, இவைதான் அப்போதைய வேலை. படம் எடுக்கிறேன் என்று ரத்தப்போக்கை அழுத்தியிருக்கும் கையை எடுக்கச் சொல்வது மன்னிக்க முடியாத தவறு.

குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, பெரிதாகாத ரத்தக்கட்டு, தோலடியில் நறநறப்பு, கழுத்தின் குறுக்கே சீட் பெல்ட் தடம் போன்ற சந்தேக அறிகுறிகள் இருந்து, ரத்த அழுத்தமும் மூச்சும் நிலையாக இருப்பவர்தான் இந்த ஸ்கேனுக்கு ஏற்றவர். சி.டி. அறை தயாராகும் வரை கிடைக்கும் இடைவெளியில் இதைச் செய்யலாம்.

2. எது தெரியும், எது தெரியாது

கழுத்தை மூன்று மண்டலமாகப் பிரிப்பது வழக்கம். காறை எலும்பிலிருந்து கிரிகாய்டு குருத்தெலும்பு (குரல்வளையின் அடியில் உள்ள வளையம்) வரை முதல் மண்டலம். அங்கிருந்து கீழ்த்தாடைக் கோணம் வரை இரண்டாவது. அதற்கு மேல் மண்டையோட்டின் அடித்தளம் வரை மூன்றாவது. அல்ட்ராசவுண்டுக்கு நன்றாகத் தெரிவது இரண்டாவது மட்டுமே. முதலாவதைக் காறை எலும்பும் நெஞ்செலும்பும் மறைக்கின்றன, மூன்றாவதைத் தாடை மறைக்கிறது. ஆனால் அடிபட்டுக் கிழியும் உள் கரோட்டிட் தமனி (கழுத்தின் பக்கவாட்டில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோவது) பெரும்பாலும் மண்டையோட்டுக்கு அருகில், அதாவது நம் புரோப் எட்டாத இடத்தில்தான் கிழிகிறது. முதுகெலும்புத் தமனியோ பாதி நீளம் எலும்புத் துளைகளுக்குள்ளேயே ஓடுகிறது. இதனால்தான் இந்த வகைக் காயங்களைச் சலித்தெடுக்க அல்ட்ராசவுண்ட் மட்டும் போதாது, சி.டி. ஆஞ்சியோ (சாய மருந்து ஏற்றி ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சி.டி.) வேண்டும் என்று ட்ராமா வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

கழுத்தெலும்பு முறிவைப் பற்றி ஒரே வரி: அதை இந்த ஸ்கேனில் பார்க்க முயலாதீர்கள். காலரைக் கழற்றலாமா என்பதை நெக்ஸஸ் அல்லது கனடிய விதிகளும் (யாருக்குக் கழுத்துப் படம் தேவை என்று சொல்லும் சோதனைப் பட்டியல்கள்) சி.டி.யும் தீர்மானிக்கட்டும்.

உணவுக்குழாயும் அப்படித்தான். மூச்சுக்குழாய்க்குப் பின்னால், சற்று இடப்பக்கமாகத் தெரியும். ஆனால் அதில் ஓட்டை இல்லை என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

3. இயந்திரம், புரோப், செலவு

லீனியர் புரோப் (முகம் நேராகத் தட்டையாக இருப்பது) வேண்டும். 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது சரியாக இருக்கும். ஆழத்தை 3 முதல் 4 செ.மீ.யில் வையுங்கள், கழுத்து தடித்தவராக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். வாஸ்குலர் அல்லது கரோட்டிட் ப்ரீசெட் (இயந்திரத்தில் முன்பே சேமித்துள்ள அமைப்பு) இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். சாதாரண லீனியர் புரோபின் முகம் ஏறத்தாழ 4 செ.மீ. அகலம். காலருக்குள் அது நுழைவது சிரமம். ஹாக்கி குச்சி போல வளைந்த சிறிய புரோப் உங்கள் பிரிவில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள்.

புதிதாக வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், விலைப்பட்டியலுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கலர் டாப்ளரோடு (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) பல்ஸ்டு வேவ் டாப்ளரும் (அதை அலை வடிவமாகக் காட்டுவது) உண்டா? கையடக்க இயந்திரங்கள் சிலவற்றில் அது இல்லை. ரத்த ஓட்டத்தின் அலை வடிவம் பார்க்காமல் தமனியைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. படங்களைச் சேமிக்க ஆண்டுச் சந்தா கட்ட வேண்டுமா? புரோப் கீழே விழுந்து பழுதானால் யார் பொறுப்பு? செலவில் பெரும்பங்கு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, புரோபிலும் பராமரிப்பிலும்தான். அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் உள்ள நாடுகள் உண்டு. உங்கள் பிரிவு இயந்திரத்தின் பதிவும், அதைப் பயன்படுத்துவோர் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று சேர்ந்த முதல் வாரமே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

கைவசம் இருக்க வேண்டிய சில்லறைப் பொருட்கள்: கிருமி நீக்கிய புரோப் உறை, ஒருமுறைப் பயன்பாட்டு ஜெல் பாக்கெட், தோலில் எழுதும் பேனா, ஒட்டும் பிளாஸ்டிக் படலம். திறந்த காயத்துக்குப் பக்கத்தில் பொது ஜெல் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள், அதில் கிருமி வளரும். ரத்தம் பட்ட புரோபைத் துடைத்தால் மட்டும் போதாது. உயர்நிலைக் கிருமிநீக்கம் தேவை. எந்த மருந்தில் துடைக்கலாம் என்பதை அந்த இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். ஆல்கஹால் பட்டால் சில புரோப்களின் முகப்பு ரப்பர் கெட்டுவிடும்.

4. நிற்கும் இடம், காலர், நேரம்

தலைமாட்டில் நிற்காதீர்கள், அது மூச்சுவழி பார்ப்பவரின் இடம். நோயாளியின் வலது தோளருகே நில்லுங்கள். இயந்திரத்தை எதிர்ப்பக்கம் வைத்தால் கழுத்தையும் திரையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

காலரின் முன்பாதியைத் திறக்கும் முன், இரண்டாமவர் ஒருவர் இரண்டு கைகளாலும் தலையை நேர்கோட்டில் பிடித்திருக்க வேண்டும். அவர் "பிடித்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். முடிந்ததும் காலரை மாட்டிய பிறகே அவர் கையை எடுக்கலாம். கழுத்தைத் திருப்பவோ நீட்டவோ கூடாது. முன்பக்கம் துளை உள்ள காலர் என்றால், மூச்சுக்குழாயை மட்டும் அந்தத் துளை வழியாகவே பார்க்க முடிகிறதா என்று முதலில் முயலலாம்.

நேரக் கணக்கு இல்லாமல் தொடங்கினால் ஸ்கேன் நீண்டுகொண்டே போகும். நான் சொல்லும் அளவு: மூச்சுவழிக்கு ஒரு நிமிடம், இரண்டு பக்கத் தமனிகளுக்கும் சேர்த்து மூன்று நிமிடம், நுரையீரலுக்கு ஒரு நிமிடம். கடிகாரம் பார்க்க ஒரு செவிலியரிடம் சொல்லிவையுங்கள். இதற்குள் சி.டி. அறை அழைத்தால், பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஸ்கேனுக்காக சி.டி. ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது.

புரோபை வைக்கும்போது ஜெல் தாராளமாக இருக்கட்டும், கை லேசாக இருக்கட்டும். அழுத்தினால் ஜூகுலர் சிரை (கரோட்டிட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பெரிய சிரை) சப்பையாகி மறைந்துவிடும். கரோட்டிட் பிரியும் இடத்தில் அழுத்தினால் நாடித் துடிப்பு திடீரெனக் குறையலாம். தமனிக்குள் ரத்த உறைவு இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகும் அபாயமும் உண்டு.

5. முதலில் மூச்சுவழி

தமனியில் தொடங்கத்தான் எல்லோருக்கும் கை போகும். மூச்சுவழியில் தொடங்குங்கள். கழுத்துக்குள் ரத்தம் கட்டிக்கொண்டே போனால் இன்னும் அரை மணியில் குழாய் செலுத்துவது கடினமாகலாம். அப்போது கழுத்தின் முன்புறம் கீறி வழி எடுக்க வேண்டிய இடம் வீக்கத்துக்குள் புதைந்திருக்கும், விரலுக்குத் தட்டுப்படாது. இந்த ஸ்கேனால் கிடைக்கும் பலன்களில் நான் பெரிதாக மதிப்பது, அந்த இடத்தை முன்கூட்டியே குறித்து வைப்பதைத்தான்.

புரோபைக் குறுக்காக, கழுத்தின் நடுவில், குரல்வளை மேட்டின் மீது வையுங்கள். கூரை போல இரண்டு பக்கமும் சரியும் வடிவம் தெரியும், அதுதான் தைராய்டு குருத்தெலும்பு. மெல்லக் கீழே நகர்த்துங்கள். கூரை மறைந்து, பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடும் அதன் கீழே அதே போன்ற மங்கலான கோடுகளும் வரும். அது காற்று, நீங்கள் கிரிகோதைராய்டு சவ்வின் மேல், அதாவது கீறி வழி எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். இன்னும் கீழே போனால் கறுப்பாக, தடித்த வளைவாகக் கிரிகாய்டு வரும். வந்ததும் திரும்பி மேலே ஏறி வெள்ளைக் கோட்டில் நில்லுங்கள். அந்தச் சவ்வின் உயரம் பெரியவர்களுக்கே ஏறத்தாழ ஒரு செ.மீ.தான், அதனால் இந்த இறங்கி ஏறும் வரிசையை விடாதீர்கள்.

குறி வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெல்லின் மேல் பேனா எழுதாது. புரோபின் இரண்டு ஓரங்களிலும், மேல் கீழ் நடுவிலும் ஜெல்லைத் துடைத்துவிட்டுச் சிறு கோடுகள் போடுங்கள். புரோபை எடுத்த பிறகு அவற்றை இணைத்தால் சிலுவைக்குறி கிடைக்கும். கழுத்து எந்த நிலையில் இருந்தபோது குறித்தீர்களோ அந்த நிலைக்குத்தான் அது பொருந்தும். கழுத்து நீண்டால் தோல் நகரும், குறியும் நகரும். அடிபட்டவருக்கு நேர்நிலையில் குறித்து, நேர்நிலையிலேயே பயன்படுத்துவதால் இது சமாளிக்கக்கூடியதுதான்.

அப்புறம் புரோபை நெடுக்காகத் திருப்பினால் மூச்சுக்குழாய் வளையங்கள் முத்துமாலை போல வரிசையாகத் தெரியும். வரிசை எங்காவது அறுபட்டிருக்கிறதா, தைராய்டு குருத்தெலும்பின் விளிம்பு உடைந்து படி போல இறங்கியிருக்கிறதா, நடுக்கோட்டிலிருந்து மூச்சுக்குழாய் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்குக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறி நிழல் விழுவதால் குரல்நாண்கள் சரியாகத் தெரியாது. இளையவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். இரண்டும் சமமாக அசைகின்றனவா என்று மூச்சு இழுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

6. தமனிகள்

அடிபடாத பக்கத்தில் தொடங்குங்கள். அந்த நோயாளியின் இயல்பு எது என்று தெரிந்த பிறகு அடிபட்ட பக்கம் போனால் வித்தியாசம் சட்டென்று கண்ணில் படும்.

காறை எலும்புக்கு மேலே குறுக்காக வைத்து, தாடைக் கோணம் வரை நிதானமாக மேலே நகருங்கள். வட்டமாக, துடித்துக்கொண்டு, லேசான அழுத்தத்துக்கு அமுங்காமல் இருப்பது கரோட்டிட். பக்கத்தில் அமுங்குவது ஜூகுலர் சிரை. தைராய்டு குருத்தெலும்பின் மேல் விளிம்பு அளவில் கரோட்டிட் இரண்டாகப் பிரியும். கழுத்துக்குள் கிளை விடாமல், பெரும்பாலும் பின்புறமும் வெளிப்பக்கமும் போவது உள் கரோட்டிட். அதன் டாப்ளர் அலை, இதயம் விரியும் நேரத்திலும் அடிக்கோட்டுக்கு மேலேயே ஓடும், ஏனென்றால் மூளைக்கு ஓயாமல் ரத்தம் வேண்டும். வெளி கரோட்டிட் கிளை விடும், அதன் அலை கூர்மையாக ஏறி இறங்கும்.

பிறகு நெடுக்காகத் திருப்பி, கலர் டாப்ளர் போடுங்கள். அலை வடிவம் எடுக்கும்போது கோணம் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் வேகக் கணக்கு தவறும்.

தேட வேண்டியவை இவை. தமனிக்குள் மெல்லிய கோடு ஒன்று ரத்த ஓட்டத்தோடு ஆடினால் உள்படலம் கிழிந்திருக்கிறது. சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்து, உள்வழி குறுகியிருந்தால் சுவருக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். தமனிக்கு வெளியே ஒரு பை, அதற்குள் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ரத்தம் சுழன்றால் அது சூடோ அனூரிசம். அதன் கழுத்துப் பகுதியில் டாப்ளர் வைத்தால் ஓட்டம் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும். நிறமே ஏறாவிட்டால், ஸ்கேலைக் (நிறம் காட்டும் வேக வரம்பு) குறைத்து, கெயினைக் (சிக்னலின் பெருக்கம்) கூட்டி இன்னொரு முறை பார்த்த பிறகே அடைப்பு என்று சொல்லுங்கள்.

எட்டாத இடத்தைப் பற்றியும் அலை வடிவம் ஒரு துப்புக் கொடுக்கும். ஒரு பக்க உள் கரோட்டிட்டில் மட்டும் இதயம் விரியும் நேர ஓட்டம் அற்றுப்போய், குத்திக் குத்தி நின்றால், மேலே மூன்றாவது மண்டலத்தில் அடைப்பு இருக்கக்கூடும். அலை மெதுவாக ஏறி மழுங்கலாக இருந்தால், கீழே நெஞ்சுக்கு அருகில் பாதிப்பைச் சந்தேகிக்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் இது தெரியும்.

முதுகெலும்புத் தமனி, எலும்பின் நிழல்களுக்கு இடையே துண்டு துண்டாகத்தான் தெரியும். நேரம் மிஞ்சினால் ஓட்டம் இருக்கிறதா, திசை சரியா என்று மட்டும் பாருங்கள்.

7. ஏமாற்றும் படங்கள்

ஜூகுலர் சிரையின் சுவர் கரோட்டிட்டுக்குள் எதிரொலித்து, அச்சு அசலாகக் கிழிந்த படலம் போலவே காட்டும். கோணத்தை மாற்றினால், குறுக்கிலும் நெடுக்கிலும் பார்த்தால், போலிக் கோடு காணாமல் போகும் அல்லது தமனிச் சுவரையும் தாண்டி நீளும். கலர் டாப்ளரில் நிறம் அதன் மேல் தடையின்றி ஓடும். உண்மையான படலம் இரண்டு தளத்திலும் நிற்கும், நிறத்தை இரண்டாகப் பிரிக்கும்.

கரோட்டிட் பிரியும் இடத்தில் தமனி சற்று உப்பியிருக்கும். அங்கே ஓரமாக ரத்தம் பின்னோக்கிச் சுழல்வது இயல்பு. நீல நிறம் பார்த்துப் பதறாதீர்கள்.

ஸ்கேல் மிகக் குறைவாக இருந்தால் நல்ல தமனியிலும் நிறங்கள் கலந்து கொந்தளிப்பு போலத் தெரியும். உணவுக்குழாய், உள்ளே காற்றுப் புள்ளிகளோடு ஒரு கட்டி போல இடப்பக்கம் தெரியும். நோயாளி நினைவோடு இருந்து, விழுங்கச் சொல்லலாம் என்ற நிலை இருந்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், அசைவதைப் பார்க்கலாம். நிணநீர்க் கணுக்களையும் தைராய்டு முடிச்சுகளையும் ரத்தக்கட்டு என்று எழுதிவிடும் வாய்ப்பும் உண்டு. ரத்தக்கட்டுக்கு ஒழுங்கான ஓரம் இருக்காது, திசுக்களுக்கு நடுவே பரவியிருக்கும்.

8. படமே தெரியவில்லை என்றால்

தோலுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகளும், அவற்றிலிருந்து அழுக்கு நிழலும் விழுந்து கீழே எதுவுமே தெரியாமல் போனால் இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். அது தோலடிக் காற்று. அதுவே ஒரு கண்டுபிடிப்பு. மூச்சுக்குழாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் இவற்றில் ஒன்று கிழிந்திருக்கலாம். வெளிக் காயத்தின் வழியாகவும் காற்று புகுந்திருக்கலாம். உடனே புரோபை நெஞ்சுக்கு மாற்றி இரண்டு பக்கமும் நுரையீரல் வழுக்கி அசைகிறதா என்று பாருங்கள். முதல் மண்டலக் காயம் நுரையீரல் உச்சியைக் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். காற்று இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்கச் சொன்னேன்.

9. எழுதி வைப்பது

கழுத்துக் காயங்களில் பல, போலீஸ் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போகக்கூடியவை. கழுத்து நெரிப்பு, கத்திக்குத்து, சாலை விபத்து எதுவானாலும் உங்கள் குறிப்பைப் பல மாதம் கழித்து யாரோ படிப்பார்கள். நோயாளியின் பெயர், எண், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், பார்த்தவர் பெயர், மேற்பார்வையாளர் பெயர், எதற்காகப் பார்த்தீர்கள், எது தெரியவில்லை, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் எல்லாம் இருக்க வேண்டும். படங்களில் வலது, இடது என்று திரையிலேயே எழுதிச் சேமியுங்கள். பக்கக் குறி இல்லாத கரோட்டிட் படம் எதற்கும் உதவாது. நின்ற படத்தைவிட இரண்டு மூன்று நொடி வீடியோ மேல். சொந்தக் கைப்பேசியில் திரையைப் படமெடுக்காதீர்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "வலது, இடது பொதுக் கரோட்டிட் தமனிகளில், தெரிந்த பகுதியில் காயம் காணப்படவில்லை. தாடைக் கோணத்துக்கு மேலும் காறை எலும்புக்குக் கீழும் பார்க்க இயலவில்லை. இந்த ஸ்கேன் தமனிக் காயம் இல்லை என உறுதி செய்யாது. சி.டி. ஆஞ்சியோ கேட்கப்பட்டுள்ளது." 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதவே எழுதாதீர்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் அதை மட்டும் படித்துவிட்டு சி.டி.யை ரத்து செய்துவிடலாம்.

10. ஸ்கேனுக்குப் பிறகு

காயம் தெரிந்தால் அறுவை சிகிச்சைக் குழுவுக்கு உடனே போன். நோயாளி நிலையாக இருந்தால் சி.டி. ஆஞ்சியோவுக்கு முன்னுரிமை கேளுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், கழுத்தெலும்பு முறிவு, மண்டையோட்டின் அடித்தள முறிவு, முகத்தின் நடுப்பகுதி எலும்பு பெரிய அளவில் நொறுங்குதல், தூக்கில் தொங்கியது, விளக்கம் கிடைக்காத நரம்புக் குறைபாடு இவற்றில் ஒன்று இருந்தால் சி.டி. ஆஞ்சியோ தேவை. குண்டோ உலோகத் துண்டோ உள்ளே இருந்து சி.டி. படம் கீற்றுக் கீற்றாகக் கலைந்தால், இரண்டாவது மண்டலத்தில் உங்கள் டாப்ளர் படம் ரேடியாலஜிஸ்டுக்கு உண்மையிலேயே உதவும். அவரிடம் எடுத்துக் காட்டுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் ரத்தக்கட்டின் ஓரத்தைப் பேனாவால் தோலில் வரைந்து நேரம் எழுதி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மூச்சுக்குழாய் முன்பைவிட விலகியிருந்தால் மயக்க மருந்து நிபுணரை அப்போதே அழையுங்கள், திணறல் தொடங்கும்வரை பொறுக்காதீர்கள்.

தமனிக் காயத்தால் வரும் பக்கவாதம் அடிபட்ட உடனே வர வேண்டும் என்றில்லை, பல மணி நேரம், சில சமயம் நாட்கள் கழித்தும் வரும். வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு, வாய் கோணுவது, பேச்சுக் குழறல், கண் மங்கல், ஒரு பக்கம் இமை தொங்குவது, கழுத்து வலி கூடுவது, குரல் மாறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே திரும்பி வரும்படி காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். உடன் வந்தவரிடமும் சொல்லுங்கள்.

11. எப்படிப் பழகுவது

அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி, படுக்கையருகே ஸ்கேனில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் 25 முதல் 50 ஸ்கேன்கள், தரம் சரிபார்க்கப்பட்டவையாகச் செய்ய வேண்டும் என்கிறது. கழுத்துத் தமனிக்கு நான் அதிக எண்ணிக்கையின் பக்கமே நிற்பேன். சக டாக்டர் ஒருவருக்குக் காலர் மாட்டிப் படுக்க வைத்து, இன்னொருவரைத் தலை பிடிக்கச் சொல்லி, முழு வரிசையையும் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துப் பாருங்கள். மூச்சுவழிக் குறியை மட்டும் தனியாகப் பலரிடம் பழகுங்கள், முக்கியமாகக் கழுத்து தடித்தவர்களிடம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இடப்பக்கம் உங்கள் ஸ்கேன் முடிவு, வலப்பக்கம் சி.டி. ஆஞ்சியோ அறிக்கை. நோயாளியின் பெயர் வேண்டாம். மருத்துவமனை விதி அனுமதிக்கும் குறியீடு போதும். இரண்டும் ஒத்துப்போகாத ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ரேடியாலஜி அறைக்குப் போய், அந்த வீடியோவை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.